ஒரே பஸ், 54 பிள்ளைகள்: செஞ்சியா, மாமல்லபுரமா, பிச்சாவரமா?

எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் சேர்த்து 54 பிள்ளைகள். இந்த வருடச் சுற்றுலா எங்கே என்று ஆளுக்கொரு சீட்டு எழுதிப் போடச் சொன்னேன். பிரித்துப் பார்த்தால் 31 சீட்டில் தீம் பார்க். ஒன்பதில் ஊட்டி. நான்கில் வெறுமனே 'கடல்'. ஒன்றில் 'எங்க மாமா வீடு, ஓசூர்'. மிச்சம் ஒன்பதும் வெற்றுச் சீட்டு. அந்த ஒன்பது பேர் யார் யார் என்று பெயர் எழுதாமலே எனக்குத் தெரியும். பணம் கட்ட முடியுமா முடியாதா என்று தெரியாத வீட்டுப் பிள்ளைகள் இடத்தின் பெயரை எழுத மாட்டார்கள்.

ஆகவே இடத்தைப் பற்றிப் பேசும் முன்பே பணத்துக்கு ஒரு கோடு போட்டோம். பஸ், சாப்பாடு, நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 450 ரூபாய். அதற்கு மேல் போனால் அந்த ஒன்பது பேருக்கும் அன்றைக்குக் 'காய்ச்சல்' வந்துவிடும். இந்தக் கோட்டிலேயே ஊட்டியும் தீம் பார்க்கும் அடிபட்டுப் போயின. தீம் பார்க்கில் பள்ளிகளுக்குத் தள்ளுபடி தருகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. தள்ளுபடி போக மிச்சமும் எங்கள் கோட்டை முட்டிக்கொண்டு நிற்கிறது, பஸ்ஸுக்கு டீசல் யார் போடுவது? ஊட்டி என்றால் இரண்டு இரவாவது பஸ்ஸில் தூங்க வேண்டும். எங்கள் ஹெச்.எம். அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை.

எங்கள் பள்ளி திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. விடிய ஆறு மணிக்குக் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பக்கூடிய தூரத்தில் என்ன இருக்கிறது என்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டதில் ஐந்து இடங்கள் தேறின: மாமல்லபுரம், செஞ்சிக் கோட்டை, பிச்சாவரம், திருவக்கரைக் கல்மரப் பூங்கா, வேடந்தாங்கல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வக்கீல் கிடைத்துவிட்டார். தமிழ் ஐயா மாமல்லபுரம். சயின்ஸ் டீச்சர் பிச்சாவரம். பி.டி. சார் செஞ்சி, மலை ஏற ஆள் சேர்கிறது என்ற சந்தோஷத்தில். கணக்கு டீச்சருக்கு எந்த இடமானாலும் சரி, ஆறு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். சமூக அறிவியல் எடுக்கும் நான் முடிவைச் சொல்ல வேண்டிய ஆள்.

முடிவுக்குப் போகும் முன் ஒரு பழைய கதை. மூன்று வருடம் முன்பு சென்னைக்குப் போனோம். ஒரே நாளில் ஐந்து இடம் என்று நோட்டீஸ் அடித்து, பெற்றோர்களும் 'பரவாயில்லையே, காசுக்கு ஐந்து இடமா' என்று கையெழுத்துப் போட்டார்கள். உள்ளூர் விடுமுறையை ஒட்டி ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். வண்டலூர் வாசலில் இறங்கினால் கதவு சாத்தியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை உயிரியல் பூங்காவுக்கு வார விடுமுறை. ஒரு போன் போட்டுக் கேட்காதது முழுக்க எங்கள் தப்பு. அங்கே தொடங்கிய தாமதம் மெரினா வரை துரத்தியது. அடுத்த வாரம் 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொன்னால், முக்கால்வாசிப் பிள்ளைகள் எழுதியது பஸ்ஸைப் பற்றி: கலர் லைட்டு, பாட்டு, மதுராந்தகம் தாண்டி டயர் பஞ்சரானது. பார்த்த இடங்களைப் பற்றி ஒரு வரி. நியாயம்தானே? பன்னிரண்டு மணி நேரத்தில் எட்டு மணி நேரம் அவர்கள் இருந்தது பஸ்ஸில்தான்.

அன்றிலிருந்து என் கையில் இருக்கும் அளவுகோல் ஒன்றே. பிள்ளைகள் பஸ்ஸில் எத்தனை மணி நேரம், தரையில் எத்தனை மணி நேரம்? இதைக் கறாராகப் போட்டுப் பார்த்தால் பாதி விவாதம் தானாக அடங்கும். மாமல்லபுரம் போக வர நாலரை மணி நேரம் ஆகும். சாப்பாடு, கழிப்பறை, தலை எண்ணுவது எல்லாம் ஒன்றரை மணி. தரையில் ஆறு மணி நேரம் மிஞ்சும். பிச்சாவரம் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் மூன்றையும் தாண்டி இருக்கிறது. போக வர ஆறு மணிக்குக் குறையாது, படகுக்குக் காத்திருக்கும் நேரம் தனி. செஞ்சிக்கு முக்கால் மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். திருவக்கரையும் அப்படித்தான். வேடந்தாங்கல் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட.

இதைச் சொன்னதும் தமிழ் ஐயா சிரித்தார். "அப்படிப் பாத்தா நம்ம ஸ்கூல் கிரவுண்டுலயே உக்காந்துடலாமே சார், பன்னெண்டு மணி நேரமும் தரைதான்." சரிதான். தூரம் குறைவு என்பது மட்டுமே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஆகிவிடாது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவதும் பிள்ளைகளுக்குச் சுற்றுலாவில் ஒரு பங்கு. அதை ஒரேயடியாகப் பிடுங்கக் கூடாது.

வேடந்தாங்கலை முதலில் முடித்துவிடுகிறேன். 30 ஹெக்டேர் ஏரி, நவம்பரிலிருந்து பிப்ரவரி மார்ச் வரை பறவைகள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் 1790களிலேயே அங்கே பறவைகளைச் சுடக் கூடாது என்ற ஊர்க்காரர்களின் உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டார் என்பதும், பறவைகளுக்காக அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பதும் வகுப்பில் சொல்ல அருமையான விஷயங்கள். ஆனால் பறவை பார்க்க நல்ல நேரம் விடியலும் சாயங்காலமும். நாங்கள் போய்ச் சேர்ந்து இறங்குவதற்குள் வெயில் ஏறிவிடும். 54 பிள்ளைகளை வாயைத் திறக்காமல் கரையில் வரிசையாக நிறுத்த முடியும் என்று நம்பும் ஆசிரியர் யாராவது இருந்தால் அவருக்கு என் வணக்கம். மழை பொய்த்த வருடம் என்றால் ஏரியும் காலி. இயற்கை மன்றத்துப் பிள்ளைகள் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய இடம் அது.

பிச்சாவரத்தை அப்படிச் சுலபமாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. சயின்ஸ் டீச்சர் சொன்னதில் நியாயம் இருந்தது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் அலையாத்திக் காடு. தண்ணீருக்குள் முட்டுக்கால் ஊன்றி நிற்கிற சுரபுன்னை, சேற்றிலிருந்து பென்சில் மாதிரி மேலே நீட்டிக்கொண்டு மூச்சு விடும் வெண்கண்டல் வேர், பாலில் நஞ்சு வைத்திருக்கும் தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று அந்த மரத்தைக் காட்டிச் சொல்லலாம். 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்கள் தப்பித்ததைப் படகோட்டிகளே சொல்வார்கள். புத்தகத்தில் நாலு வரியில் முடிந்துபோகும் பாடம் அங்கே உயிரோடு நிற்கிறது.

சிக்கல் படகில். குறுகலான கால்வாய்க்குள் மரங்கள் தலைக்கு மேல் கவிந்து நிற்கும் இடத்துக்குப் போவது துடுப்புப் படகுதான். பெரிய மோட்டார் படகு அகலமான வழியில் ஓடித் திரும்பும். அதில் போனால் காட்டை வெளியிலிருந்து பார்த்ததாகத்தான் கணக்கு. துடுப்புப் படகில் ஐந்தாறு பேர். 54 பிள்ளைகளுக்கு ஒன்பது பத்துப் படகு வேண்டும். நாங்கள் ஐந்து ஆசிரியர்கள். ஆசிரியர் இல்லாத படகில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், நானும் எட்டாம் வகுப்பு படித்தவன்தான். கையைத் தண்ணீரில் விடுவான், அடுத்த படகுக்காரன் மேல் தண்ணீர் அடிப்பான், எழுந்து நிற்பான். லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் உண்டு. இருந்தாலும் 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் இறந்ததை நாங்கள் யாரும் மறக்கவில்லை. கொள்ளளவை விடக் கூடுதலாக ஆள் ஏற்றிய படகு அது. நிறைய பேருக்கு ஜாக்கெட்டும் இல்லை. நம் ஊரில் அப்படி நடக்காது என்று சொல்லலாம், ஆனால் ஐம்பத்து நான்கு பேரின் பெற்றோரிடமும் என்னால் அதை நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. இருபது பேர், நான்கு படகு, படகுக்கொரு ஆசிரியர் என்று இருந்தால் நாளைக்கே கிளம்பிவிடுவேன். சயின்ஸ் டீச்சரும் கடைசியில் இதை ஒப்புக்கொண்டார், முகத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

திருவக்கரை பற்றி எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கே நிறைய பேருக்குத் தெரியாது. பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுப் பூங்காவைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1940இல் ஏற்படுத்திய தேசியக் கல்மரப் பூங்கா அது. சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1781லேயே இந்தக் கல்மரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள், தரையில் கிடைமட்டமாகக் கிடக்கின்றன. மூன்று மீட்டரிலிருந்து பதினைந்து மீட்டர் வரை நீளம்.

போன வருடம் ஆறாம் வகுப்பைக் கூட்டிப் போனபோது நடந்தது இது. ஒரு பெண் குனிந்து தட்டிப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள். "சார், மரம்னு சொன்னீங்க, கல்லு சத்தம் கேக்குது." இன்னொருத்தன் முகர்ந்து பார்த்தான். பட்டை உரிந்த கோடு தெரிகிறது, கணு தெரிகிறது, குறுக்கே வெட்டிய இடத்தில் மர நரம்பு ஓடுகிறது. ஆனால் கை வைத்தால் சில்லென்று கல். மரம் மண்ணுக்குள் புதைந்து, சிலிக்கா கலந்த தண்ணீர் இண்டு இடுக்கெல்லாம் புகுந்து, மரம் இருந்த இடத்தை அணு அணுவாகக் கல் பிடித்துக்கொண்டது என்று விளக்கினேன். அடுத்த கேள்வி ஆறாம் வகுப்புப் பிள்ளையிடமிருந்து வந்தது: "கெளை எல்லாம் எங்க சார்? வேரும் காணோம்?" ஆய்வாளர்கள் கேட்ட கேள்வியே அதுதான். கிளையும் வேரும் இல்லாததால், மரங்கள் இங்கே முளைத்தவை அல்ல, எங்கிருந்தோ வெள்ளத்தில் அடித்துவரப்பட்டவை என்று நினைக்கிறார்கள். அதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் சிலிர்த்தது.

அவ்வளவு நல்ல இடம், ஆனால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துபோகும். நிழல் உண்டு, சமதளம், பூங்காவுக்குள் தொலைந்து போகவும் வழியில்லை, துண்டுக்கல்லைப் பையில் போடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆறாம் ஏழாம் வகுப்புக்கு அரை நாள் சுற்றுலா என்றால் யோசிக்கவே வேண்டாம். எட்டு, ஒன்பது பிள்ளைகளுக்கு இதை முழு நாளாக இழுத்தால் பதினொரு மணிக்கே "அடுத்து எங்க சார்" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

மிஞ்சியது மாமல்லபுரமும் செஞ்சியும். உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

மாமல்லபுரத்தில் ஒரு பெரிய வசதி, பல்லவர்கள் பாடத்தை அவர்களே வரிசைப்படுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாறையைக் குடைந்த மண்டபம், ஒரே கல்லில் வெட்டிய ரதம், கல்லை அடுக்கிக் கட்டிய கடற்கரைக் கோயில். குடைவரை, ஒற்றைக்கல், கட்டுமானம் என்று மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம். ஐந்து ரதங்களில் திரௌபதி ரதம் நம் ஊர்க் கூரைவீடு மாதிரியே இருக்கும். நகுல சகாதேவ ரதத்தின் பின்பக்கம் யானையின் முதுகுபோல வளைந்த தூங்கானை மாடம். அந்த முதுகுக்குப் பக்கத்திலேயே நிஜ அளவில் ஒரு கல் யானையை நிறுத்தி வைத்திருக்கிறான் சிற்பி. இதைப் பார்த்த பிள்ளைக்குத் தூங்கானை மாடம் என்ற சொல் தேர்வுக்கு மறக்காது.

அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு நான் வைக்கும் வேலை எப்போதும் ஒன்றே. விளக்கம் எதுவும் சொல்லாமல், "பூனையைக் கண்டுபிடி" என்று விட்டுவிடுவேன். பெரிய யானைகளையும் பறக்கிற தேவர்களையும் தாண்டி, கீழே ஒரு ஓரத்தில் பூனை ஒன்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றி எலிகள். கண்டுபிடித்தவன் போடும் சத்தத்தில் மற்ற சுற்றுலாக்காரர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். அதைத் தேடுகிற சாக்கில், பின்னங்காலால் மூக்கைச் சொறிகிற மானையும் நடுப்பிளவில் நாகர்களையும் தாங்களாகவே பார்த்துவிடுகிறார்கள். கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை பற்றிச் சொல்லவே வேண்டாம், அதன் கீழே நின்று தாங்கிப் பிடிக்கிற மாதிரி போட்டோ எடுக்காமல் ஒரு பிள்ளையும் நகராது.

காசு கணக்கிலும் பாதகமில்லை. இந்தியத் தொல்லியல் துறை இடங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை, செஞ்சியிலும் அப்படியே. பள்ளி அடையாள அட்டையும் தலைமையாசிரியர் கடிதமும் கையில் இருந்தால் கவுண்டரில் பேச்சு வளராது. 

ஆனால் கூட்டம். சனி, ஞாயிறு என்றால் சென்னையே அங்கே இறங்கியிருக்கும். பாசிமணி, சங்கு, கூலிங்கிளாஸ் விற்பவர்கள் பிள்ளைகளின் கையில் இருக்கும் ஐம்பது ரூபாயை மோப்பம் பிடித்துவிடுவார்கள். நான்கு வருடம் முன்பு அங்கே ஒரு பையனைத் தொலைத்தோம். முழுதாக நாற்பது நிமிடம். கடற்கரைப் பக்கம் ஓடிய பி.டி. சாரின் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பையன் கடல் பக்கமே போகவில்லை. சாலையோரச் சிற்பப் பட்டறை ஒன்றின் வாசலில் குந்தி உட்கார்ந்து, ஒருவர் பிள்ளையாரின் காதைச் செதுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். முடியெல்லாம் கல் தூசி. "காது முடியட்டும் சார், வந்துடறேன்" என்றான். எனக்கு அடிக்கத் தோன்றியதா அணைத்துக்கொள்ளத் தோன்றியதா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கடலும் குளிக்க ஏற்ற கடல் இல்லை, அலை இழுக்கும். 'கடல்' என்று சீட்டு எழுதிய நான்கு பேரையும் தண்ணீர் தொடாமல் திருப்பிக் கூட்டிவருவது ஒரு தனி வேலை.

செஞ்சிக்கு வருவோம். பக்கத்தில் இருப்பதாலேயே மதிப்பில்லாமல் கிடக்கும் இடம். திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த மலைகளுக்கு நடுவே போயிருக்கிறார்கள், இறங்கியவர்கள் ஐந்து பேர்கூட இல்லை. கையைத் தூக்கச் சொல்லி எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். 2025 ஜூலையில் மராத்தியப் படை அரண்கள் என்ற வரிசையில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று செஞ்சி. செய்தியை வகுப்பில் வாசித்தபோது ஒருவன், "நம்ம செஞ்சியா சார், இல்ல வேற செஞ்சியா?" என்று கேட்டான்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை, அவற்றை இணைக்கும் மதில். கீழ்க் கோட்டையில் கல்யாண மகால், குதிரை லாயம், நெற்களஞ்சியம், யானைக்குளம், வேங்கடரமணர் கோயில். களஞ்சியத்துக்குள் போய் ஒருவன் கத்தினால் எதிரொலி கேட்டு அடுத்த பத்து நிமிடம் எல்லாரும் கத்துவார்கள், கத்தட்டும். கல்யாண மகாலின் மேல் மாடிகளுக்கு மண்குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள் என்று சொன்னால், மோட்டார் எங்கே என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே அங்கே நிறுத்த வேண்டும்.

ராஜகிரி சுமார் 800 அடி. உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை இரண்டாகப் பிளந்து ஒரு பள்ளம், மேலே சின்னப் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் நிற்கும் படை அங்கேயே நிற்க வேண்டியதுதான். முகலாயர் படை எட்டு வருடம் இந்தக் கோட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது என்று புத்தகத்தில் படிக்கும்போது பிள்ளைகளுக்கு அது வெறும் எண். மூச்சு வாங்க அந்தப் பாலத்தில் நின்று கீழே பார்க்கும்போது ஏன் எட்டு வருடம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. சிவாஜி 1677இல் பிடித்தது, அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து ஒதுங்கியது, 1690இல் தொடங்கிய முற்றுகை 1698இல் கோட்டை விழுந்ததோடு முடிந்தது, அதற்குள் ராஜாராம் தப்பியது, 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். ஏழாம் வகுப்பின் மராத்தியர் பாடமும் எட்டாம் வகுப்பின் ஐரோப்பியர் வருகையும் ஒரே மலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. தேசிங்கு ராஜன் கதை தனி. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்து விழுந்த இளைஞன், அவன் குதிரை, உயிர்த் தோழன் மகமத்கான். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் தாத்தாக்கள் இந்தக் கதையை இன்னும் பாட்டாகவே சொல்கிறார்கள். பாட்டில் வரும் இடத்தைக் கண்ணால் பார்ப்பது பிள்ளைகளுக்கு அடிக்கடி கிடைக்கிற வாய்ப்பா?

குறைகள் இல்லாமல் இல்லை. மலையில் நிழல் குறைவு, தண்ணீரைச் சுமந்துதான் ஏற வேண்டும். ஏப்ரலில் யாராவது செஞ்சிக்குச் சுற்றுலா என்றால் பிள்ளைகள் மேல் அவருக்கு ஏதோ கோபம் என்று அர்த்தம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரைதான் சரி. பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் ராஜகிரி ஏற விடமாட்டார்கள், ஆகவே முதல் வேலையே மலை. குரங்குகள் பையைப் பிடுங்கும். கழிப்பறை கீழே மட்டும்தான். 25 பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் இடத்தில் இது சின்ன விஷயமில்லை. எங்கள் பெண் ஆசிரியைகள் இரண்டு பேரும் முதலில் கேட்டது இதைத்தான். இதற்கு ஒரு வழி இருக்கிறது, மற்ற பள்ளிக்காரர்களும் செய்து பார்க்கலாம். போகிற ஊரில் ஏதாவது ஒரு பள்ளியின் தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே போன் செய்து, காலையிலும் மதியமும் அரை மணி நேரம் கழிப்பறையும், சாப்பிட வராண்டாவும் கேட்டுவிடுவது. சனிக்கிழமை என்றாலும் வாட்ச்மேனைத் திறந்து வைக்கச் சொல்வார். இதுவரை யாரும் முடியாது என்று சொன்னதில்லை. நெடுஞ்சாலை பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்பதைவிட நூறு மடங்கு மேல்.

எனக்கு உண்மையிலேயே தடுமாற்றம் வந்தது வேறு ஒன்றில். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இடது காலில் காலிப்பர், அதாவது காலைத் தாங்கும் கருவி, போட்டுக்கொண்டு நடப்பவள். மாமல்லபுரம் என்றால் மெதுவாக எல்லாவற்றையும் பார்த்துவிடுவாள். செஞ்சி என்றால் மலை அவளுக்கு இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே மாமல்லபுரம் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டு, அவளிடமே பேச்சுவாக்கில் கேட்டேன். "மகாபலிபுரம் நான் மூணு தடவ போயிட்டேன் சார். செஞ்சி போனா கீழயே சுத்தறதுக்கு எவ்ளோ இருக்கு?" என்றாள். களஞ்சியம், மகால், லாயம், குளம், கோயில் என்று அடுக்கினேன். "அப்ப மேல போறவங்களுக்குத்தான் கம்மியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சரி, செஞ்சி. பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரிக்கிறோம். மலை அணி கோட்டை திறந்ததும் ஏறத் தொடங்கி நண்பகலுக்குள் இறங்கும். பி.டி. சாரும் நானும் இரண்டு முனையில். கீழணியில் அவளோடு, உயரம் என்றால் பயப்படும் ஏழெட்டுப் பேரும், இரண்டு ஆசிரியைகளும். அவர்களை மற்றவர்களுக்காகக் காத்திருக்க வைக்கப் போவதில்லை. கீழ்க் கோட்டைக்கு வரைபடம் போட்டு, மலை இறங்கி வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக நின்று சுற்றிக்காட்ட வேண்டும். தமிழ் ஐயா தேசிங்கு ராஜன் கதையை வேங்கடரமணர் கோயில் மண்டபத்தில் வைத்துக்கொள்கிறார். திரும்பும்போது பஸ்ஸை நேரே ஊருக்கு விடாமல், செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே எங்காவது டீக்கடையில் நிறுத்தி ஆளுக்கொரு பஜ்ஜி. பஸ்ஸில் பாட்டு போடவும் அனுமதி கொடுத்தாயிற்று, இல்லாவிட்டால் அது சுற்றுலாவே இல்லை என்று மனு வந்திருந்தது. பஸ் தூரம் குறைந்ததால் வாடகையும் குறைந்து, கணக்கு டீச்சர் போட்டுப் பார்த்ததில் தலைக்கு 320 ரூபாய்க்குள் முடிகிறது. ஒன்பது பேரில் ஏழு பேர் அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டார்கள். மற்ற இரண்டு பேருக்கு ஆசிரியர்கள் போட்டுக்கொள்கிறோம், அவர்களுக்குத் தெரியாமல்.

சாப்பாட்டுக்கு ஓட்டல் யோசனையைக் கைவிட்டோம். 54 பேர் ஓட்டலில் உட்கார்ந்து எழ ஒன்றரை மணி நேரம் போய்விடும். புளிசாதப் பொட்டலம், உருளைக்கிழங்கு வறுவல், வேகவைத்த முட்டை. தயிர்சாதம் வேண்டாம், வெயிலில் புளித்துவிடும், பாதிப் பொட்டலம் குரங்குக்குத்தான் போகும்.

முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு அனுமதிக் கடிதம் போய்விட்டது. பெற்றோருக்கு அனுப்பும் சுற்றறிக்கையை நேற்று எழுதி முடித்தோம். அது இதுதான்:

"சனிக்கிழமை காலை 5.45க்குப் பிள்ளைகள் பள்ளி வாசலில் இருக்க வேண்டும். பஸ் 6.00க்குக் கிளம்பும், காத்திருக்காது. ஷூ இருந்தால் ஷூ, இல்லாவிட்டால் பின்பட்டை வைத்த செருப்பு. இரண்டு லிட்டர் தண்ணீர். தொப்பி அல்லது துண்டு. பஸ்ஸில் வாந்தி வரும் பிள்ளை என்றால் முன்பே சொல்லவும், முன் சீட் தருகிறோம். ஆஸ்துமா, வலிப்பு, வேறு மருந்து எடுப்பவர்கள் வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லவும். செல்போன் வேண்டாம். கைச்செலவுக்கு 50 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டாம். நகை போட்டு அனுப்ப வேண்டாம். மாலை 5.30க்குப் பள்ளிக்கே வந்து அழைத்துச் செல்லவும். மாமா வீட்டுக்கு, சித்தி வீட்டுக்கு என்று வழியில் யாரையும் இறக்கிவிட மாட்டோம்."